தியேட்டரில் போனில் படம் பிடித்தால் என்ன தண்டனை? கேள்வி பதில்

நான் பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். திரையரங்கில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மேடம், முதல் காட்சியில் ஹீரோ என்ட்ரியை மட்டும் முப்பது நொடி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். இதற்கெல்லாமா ஜெயில்?

முப்பது நொடிதானே என்று பலரும் கேட்கிறார்கள். நீளம் உங்களைக் காப்பாற்றாது. இந்தியாவில் 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தை 2023-ல் திருத்தி 6ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமம் பெற்ற திரையரங்கில் ஒரு படத்தையோ அதன் ஒரு பகுதியையோ சட்டவிரோதமாகப் பிரதி எடுக்கும் எண்ணத்தோடு பதிவுக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. 'ஒரு பகுதி' என்றுதான் இருக்கிறது. எத்தனை நொடி வரை பரவாயில்லை என்று எங்கேயும் இல்லை.

இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். உச்ச அபராதம்தான் பலருக்குத் தெரியாத சங்கதி. கணக்குத் தணிக்கை (ஆடிட்) செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 100 கோடியில் எடுத்த படம் என்றால் 5 கோடி. கட்டப்போகிறவரின் சம்பளத்தை வைத்து அல்ல, படத்தின் பட்ஜெட்டை வைத்து அபராதத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பதிப்புரிமைச் சட்டத்தில் சொந்தப் பயன்பாடு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு இருக்கும் விலக்குகள் இங்கேயும் பொருந்தும். ஆனால் நானூறு பேர் பார்க்கும் ஸ்டேட்டஸை சொந்தப் பயன்பாடு என்று எந்த நீதிபதியிடம் போய் வாதாடுவது? முதலில் அதை நீக்குங்கள்.

எடுத்து முடிக்கவே இல்லை, ஆரம்பித்த உடனே பிடித்துவிட்டார்கள் என்றால்?

முயற்சியும் குற்றம்தான், உடந்தையாக இருப்பதும் குற்றம்தான். பக்கத்து இருக்கையில் மறைத்து உட்கார்ந்து உதவிய நண்பருக்கும் அதே பிரிவு. போனில் எதுவும் சேமிக்காமல் அப்படியே நேரலையில் அனுப்பினாலும் அதே கதைதான். ஒளிபரப்புவதையும் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இந்தியாவில்தான் இவ்வளவு கடுமையா, எல்லா நாட்டிலும் இப்படியா?

ஜப்பானைப் பார்த்தால் இந்தியா பரவாயில்லை என்பீர்கள். அங்கே 2007-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பத்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி யென் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தமாகப் பார்ப்பதற்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்ற பொதுவான சலுகை அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் உண்டு. திருட்டுப் பதிவாளர்கள் பிடிபடும்போதெல்லாம் அதைத்தான் சாக்காகச் சொன்னார்கள். படம் அங்கே முதலில் கட்டணத்துக்குத் திரையிடப்பட்ட நாளிலிருந்து எட்டு மாதத்துக்குத் தியேட்டர் பதிவுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று இந்தச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. ஜப்பான் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால், தலைக்குப் பதில் கேமரா வைத்த ஆள் ஒருவர் ஆடிக்கொண்டே வந்து பிடிபடும் விளம்பரம் ஓடும். சிரிக்க வைத்தே பயமுறுத்துவார்கள்.

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி முதல் முறைக்கு மூன்று ஆண்டு, மறுபடி மாட்டினால் ஆறு ஆண்டு வரை. அதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: பதிவுக் கருவி கையில் இருந்தது என்பதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. இன்றைக்கு யார் பையில்தான் போன் இல்லை?

கனடாவில் 2007 முதல் குற்றவியல் சட்டத்திலேயே இது இருக்கிறது. தியேட்டர் மேலாளரின் அனுமதி இல்லாமல் எடுத்தால் இரண்டு ஆண்டு வரை, விற்பனைக்கோ வாடகைக்கோ என்றால் ஐந்து ஆண்டு வரை. படத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்தாலும் குற்றம் என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஒலி, இன்னொரு இடத்தில் காட்சி என்று எடுத்து ஒட்டும் வேலை நடப்பதால் அதற்குக் காரணம் இருக்கிறது.

உண்மையிலேயே தெரியாமல், குடும்பத்தோடு வீடியோ எடுக்கும்போது திரையும் விழுந்துவிட்டால்?

நடந்திருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 22 வயதுப் பெண் ஒருவர் அக்காவின் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு படம் பார்க்கப் போனார். கையில் சின்ன கேமரா. எல்லோரும் பிறந்தநாள் பாட்டுப் பாடுவதை எடுத்தார். நடுநடுவே திரையும் பதிந்தது. படக் காட்சிகள் மொத்தம் நான்கு நிமிடம்கூட இல்லை. தியேட்டர்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள், அந்த மாநிலச் சட்டப்படி வழக்கு பாய்ந்தது, இரண்டு இரவு காவலில் இருந்தார். பிறகு அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது.

இந்தியச் சட்டத்தில் பிரதி எடுக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. எண்ணத்தை எதை வைத்துப் பார்ப்பார்கள்? போனை எங்கே வைத்திருந்தீர்கள், திரை வெளிச்சத்தை அணைத்திருந்தீர்களா, எவ்வளவு நேரம் ஓடியது, யாருக்கு அனுப்பினீர்கள் என்பதையெல்லாம் வைத்து. கப் வைக்கும் குழியில் போனை நிறுத்திவிட்டு "தெரியாமல் ஆன் ஆகிவிட்டது" என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

குண்டர் சட்டம் போடுவார்கள் என்கிறார்களே, நிஜமா?

தமிழ்நாட்டில் சாத்தியம்தான். குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில் 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். இது தண்டனை அல்ல, தடுப்புக் காவல். விசாரணை முடியும் முன்பே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். இதையே தொழிலாகச் செய்பவர்களைக் குறிவைத்த சட்டம் இது, ஸ்டேட்டஸ் வைத்தவருக்காகக் கொண்டுவந்தது அல்ல.

அக்கா, நான் எடுக்கவில்லை. டெலிகிராமில் வந்ததை குரூப்பில் ஃபார்வர்ட் செய்தேன், அவ்வளவுதான்.

6ஏஏ உங்களைத் தொடாது தம்பி, அது தியேட்டருக்குள் நடப்பதற்கு. ஆனால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு இருக்கிறது. தெரிந்தே மீறினாலோ அதற்கு உடந்தையாக இருந்தாலோ ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்தப் பிரிவில் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகவும் கேட்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

எந்தத் தியேட்டரில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிசிடிவியா?

சிசிடிவி அப்புறம்தான். டிஜிட்டல் புரொஜக்‌ஷனில் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத ஒரு அடையாளத்தை சர்வரே ஓட ஓடச் சேர்த்துவிடும். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த விதிப்படி அது மொத்தம் 35 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 35 குறிகள். அதற்குள் எந்த இடத்துக் கருவி, எந்த நேரம் என்ற இரண்டும் அடங்கும். நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். ஐந்து நிமிடத் துண்டு ஒவ்வொன்றிலும் இந்த 35 பிட்டும் முழுதாக இருக்க வேண்டும். போனில் எடுத்து, கோணலாக, மங்கலாக, சுருக்கி ஏற்றினாலும் அதை மீட்டெடுக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அரங்கும் காட்சி நேரமும் தெரிந்துவிட்டால், டிக்கெட் முன்பதிவையும் சிசிடிவியையும் வைத்து ஆளை நெருங்குவது மீதி வேலை. பிலிம் காலத்தில் இதே வேலையை பிலிம் பிரேம்களில் குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள் செய்தன.

என் பையன் பதினாறு வயது. கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு எடுத்துத் தொலைத்திருக்கிறான்.

பதினெட்டு வயதுக்குள் என்றால் இந்தியாவில் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். உச்ச தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ள குற்றங்களை அங்கே சிறு குற்றமாகத்தான் வகைப்படுத்துகிறார்கள். பொதுவாக முதல் தகவல் அறிக்கையே பதிய மாட்டார்கள், ஆனால் பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால் நிலைமை மாறும். அதனால் அந்தக் "கூட்டாளிகள்" யார், அவர்களுக்கு என்ன வயது என்பதை முதலில் விசாரியுங்கள். யாராவது பணம் கொடுத்து எடுக்கச் சொன்னார்களா என்றும் கேளுங்கள்.

நான் தியேட்டர் மேலாளர். பிடித்தால் போனை வாங்கி அழித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம். சரிதானே சார்?

(மேடம்.) சரியில்லை. அழித்தால் சாட்சியம் போச்சு. லாக்கைத் திறக்கச் சொல்லி மிரட்டவோ உள்ளே துழாவவோ உங்களுக்கு அதிகாரமும் இல்லை. போலீசுக்குச் சொல்லுங்கள். திரை எண், இருக்கை எண், காட்சி நேரம், பார்த்த ஊழியர் பெயர் எல்லாவற்றையும் அப்போதே எழுதி வையுங்கள். சிசிடிவி பதிவு தானாக அழிவதற்குள் தனியாக எடுத்து வையுங்கள். சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் உள்ள அதிகாரி பிடியாணை இல்லாமலே பிரதியைக் கைப்பற்றலாம். அந்த வேலையை அவரிடம் விடுங்கள்.

பக்கத்து சீட்காரர் எடுப்பதைப் பார்த்தால் நான் என்ன செய்வது?

எழுந்து போய் ஊழியரிடம் வரிசையையும் இருக்கை எண்ணையும் சொல்லுங்கள். ஆதாரத்துக்காக அவரை வீடியோ எடுக்கப் போகாதீர்கள். உங்கள் போனிலும் திரை விழும்.