கேள்வி – பதில்: புதிய வாடிக்கையாளரை வரவேற்பது எப்படி?

கேள்வி: மலேசியாவின் பீடோங்கில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். புதிதாக வருபவர்கள் ஒரு பை நிறைய ரசீதுகளைக் கொடுத்துவிட்டு, நள்ளிரவிலும் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கிறார்கள். ஆரம்பத்திலேயே இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: சகோதரி, பை உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மாதக் கணக்கு மட்டுமா, வரிப் படிவமும் சேர்ந்ததா, கட்டணம் எத்தனை வெள்ளி, முன்பணம் எவ்வளவு, எந்த நேரத்தில் பதில் கிடைக்கும் என்பவற்றை அதில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். தெரிந்தவரிடம் எழுத்தில் கேட்பதா என்று தோட்டப்புறங்களில் தயங்குவார்கள். பின்னர் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அந்தத் தெரிந்தவர்களிடம்தான்.

ரசீதுகளை வாங்கும்போது கொள்முதல், விற்பனை, வங்கிக் கூற்று எனப் பிரித்து, எண்ணிக்கையைக் குறித்துக் கையொப்பம் பெறுங்கள். வருமான வரிச் சட்டப்படி வியாபாரப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கும் கடமை கடைக்காரருடையது என்பதால், வேலை முடிந்ததும் மூலப் பிரதிகளை அதே பட்டியலோடு சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

நள்ளிரவுக் கேள்விகளுக்குக் காலையில் பதில் எழுதினால் போதும். முதல் வாரத்தில் நீங்கள் பழக்குவதே நிலைக்கும்.

உங்கள் தொழிலையும் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள், தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி.