பிளேஸ்டேஷன் 4 இருக்க மீடியா பொக்ஸ் எதற்கு?

கேள்வி: மகன் வெளிநாடு போகும்போது பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் இயந்திரத்தை வீட்டில் விட்டுப் போனார். மகளின் கலியாண வீடியோ, பேரப்பிள்ளைகளை ஐபோனில் எடுத்த வீடியோ எல்லாம் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அதைக் கொளுவினால் பிளேஸ்டேஷன் கண்டுகொள்வதே இல்லை. பென் டிரைவில் போட்டால் சிலது ஓடுகிறது, சிலது ஓடவில்லை. டிவியில் வீடியோ ஓட்டும் மீடியா பொக்ஸ் ஒன்று வாங்கட்டுமா? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிளேஸ்டேஷனில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை.

விண்டோஸ் கணினியில் பாவித்த ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருக்கும். பிளேஸ்டேஷன் 4க்கு அது புரியாது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டையும்தான் வாசிக்கும். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, கலியாண வீடியோ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே எக்ஸ்ஃபேட். ஃபோர்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறெங்காவது பிரதி எடுத்துவிட்டு, லேப்டொப்பிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். பிளேஸ்டேஷன் செட்டிங்ஸில் மேலதிக சேமிப்பகமாக ஃபோர்மட் செய்யும் வசதியும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். அது கேம்களுக்கானது. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, பிறகு லேப்டொப்பிலும் வாசிக்க முடியாதபடி செய்துவிடும்.

இனி, பென் டிரைவில் ஓடாதவை. வீடியோக் கோப்பின் பெயரில் வரும் எம்பி4 என்பது சாப்பாட்டுப் பார்சலின் மேல்தாள் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகள்தான் எச்.264, எச்.265. பிளேஸ்டேஷனில் வீடியோ ஓட்டும் சோனியின் மீடியா பிளேயர் செயலி எச்.264 வீடியோவை ஓட்டும், எச்.265ஐ ஓட்டாது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் வழமையாகப் பதிவது எச்.265இல்தான். பேரப்பிள்ளைகள் திரையில் வராததற்குக் காரணம் அநேகமாக இதுவே. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264க்கு மாற்றுங்கள். இனி எடுப்பவற்றுக்கு ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் ஃபோர்மட்ஸ் பகுதியைத் திறந்து ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். படம் ஓடியும் சத்தம் வராவிட்டால் ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கலாம்; அதற்கும் இதே மருந்துதான்.

மாற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையா? லேப்டொப்பில் உள்ள வீடியோவை வீட்டு ரவுட்டர் வழியாகப் பிளேஸ்டேஷனுக்கு அனுப்பும் மென்பொருள் பிளெக்ஸ். லேப்டொப்பில் பிளெக்ஸ் சேர்வரையும் பிளேஸ்டேஷனில் பிளெக்ஸ் செயலியையும் போடுங்கள். ஓடாத கோப்பை அது ஓட்டும்போதே மாற்றித் தரும். டிஸ்க்கை லேப்டொப்பில் கொளுவினால் போதும், ஃபோர்மட் செய்யவும் வேண்டாம். லேப்டொப் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், கொஞ்சம் பலமானதாகவும் இருக்க வேண்டும். “டேட்டா முடிந்துவிடுமே” என்று பலர் பயப்படுகிறார்கள். வீட்டு ரவுட்டருக்குள்ளேயே போகும் வீடியோ உங்கள் பைபர் பெக்கேஜில் கழியாது.

பக்திப் பாடல் சிடிகள் இருந்தால் அவற்றுக்கு வேறு பிளேயர் தேடுங்கள். பிளேஸ்டேஷன் 4 ஓடியோ சிடி வாசிக்காது. டிவிடி, புளூரே ஓடும்.

கரண்ட் பில்லையும் யோசிக்க வேண்டும். டிவியில் செருகி வீடியோ பார்க்கும் ஸ்டிக்கைவிடப் பல மடங்கு மின்சாரத்தைப் பிளேஸ்டேஷன் இழுக்கும், அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். வார இறுதியில் ஒரு படம், எப்போதாவது கலியாண வீடியோ என்றால் பிளேஸ்டேஷனே போதும். தினமும் மாலை முழுக்க சீரியல் என்றால் சின்ன ஸ்டிக் ஒன்று வாங்குவதே புத்தி. அப்படி கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசா பக்கம் போனால், ஓடாத அந்த வீடியோவையே பென் டிரைவில் கொண்டுபோய், கடையில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.