சுவர் தடிமன் இருக்கட்டும், ஸ்க்ரூ எதை அழுத்துகிறது?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் உதிரிகள் செய்து கொடுக்கிறோம். வீட்டு வயரிங்கில் இன்னமும் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றித்தான் விடுகிறார்கள். அதற்குப் பதிலாக 1.5, 2.5 சதுர மி.மீ. வயர்களை இணைக்க, கை பட்டால் ஷாக் அடிக்காத கனெக்டர் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். மேலே பாலிபுரோப்பிலீன் (எங்களிடம் எப்போதும் ஸ்டாக் உண்டு), உள்ளே பித்தளைக் குழாய், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ. பிளாஸ்டிக் சுவர் எத்தனை மி.மீ. வைத்தால் பாதுகாப்பு? போர்வெல் மோட்டார் வயருக்கும் இதையே விற்கலாமா?

பதில்: சுவர் தடிமனை முதலில் கேட்டிருக்கிறீர்கள். அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட். குமிழி இல்லாமல் ஒழுங்காக வார்த்த ஒரு மி.மீ. பாலிபுரோப்பிலீன் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும். எனவே மோல்டில் மெட்டீரியல் நன்றாக ஓடவும், கீழே விழுந்தால் உடையாமல் இருக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு வையுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. போதும். ஷாக் சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. ஓட்டை வழியாக வரும். இல்லையென்றால் சுவர் உருகிய பிறகு வரும்.

சுவர் எப்படி உருகும்? சில வருடங்களுக்கு முன் உறவினர் வீட்டில் கீசர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று கூப்பிட்டார்கள். ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்ததும் முதலில் வாசனைதான் வந்தது, பொசுங்கிய மீன் மாதிரி. ஜாயின்ட்டில் சுற்றியிருந்த டேப் கோந்தாகி ஒழுகியிருந்தது. வயரின் சிவப்பு இன்சுலேஷன் இரண்டு அங்குலத்துக்குக் கருத்துச் சுருண்டிருந்தது. உள்ளே செம்பு இழைகளைத் தொட்டால் ஒடிந்து கையோடு வந்தன. எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை. ஏன் விழும்? 2000 வாட் கீசர் இழுத்தது 8.7 ஆம்பியர். ஜாயின்ட் எரிந்தபோதும் அதே 8.7தான். அந்த முறுக்கில் 0.1 ஓம் தடை சேர்ந்திருந்தால் அங்கே ஏழரை வாட் சூடு. அதே ஜாயின்ட் வழியாக 16 ஆம்பியர் போனால் 25 வாட்டுக்கு மேல். அதாவது ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடி வைத்த கதை.

அதனால் கனெக்டரை உள்ளிருந்து வெளியே வரையுங்கள். உலோகம் சூடேறாவிட்டால் பிளாஸ்டிக் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பித்தளைக் குழாயில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஸ்க்ரூ வயரை அழுத்தும்போது அந்த விசையைக் குழாயின் எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது; பிளாஸ்டிக்குக்கு அதில் பங்கே இல்லை. இதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். செலவைக் குறைக்கிறேன் என்று பித்தளையை ஒரு தகடாக்கி, பிளாஸ்டிக் தரையில் வயரை வைத்து அழுத்துகிற கனெக்டர்கள் சந்தையில் இருக்கின்றன. பிளாஸ்டிக் தொடர்ந்த அழுத்தத்தில், அதுவும் சூட்டில், மெல்ல மெல்ல இளகிக் கொடுத்துவிடும். இன்று இறுக்கிய ஸ்க்ரூ அடுத்த கோடையில் லூஸ்.

உங்கள் டிசைனில் சிக்கல், ஸ்க்ரூவின் நுனி நேராக வயர்மேல் இறங்குவதுதான். அந்தக் காலத்து 3/20, 7/20 வயர்களில் (20 கேஜ் இழை மூன்று, ஏழு) இழைகள் தடிமன். திருகின் நுனி அவற்றை நசுக்குமே தவிர வெட்டாது. இப்போது கடையில் கிடைக்கும் மல்டிஸ்ட்ராண்ட் வயரில் இழைகள் தலைமுடி மாதிரி. சுழலும் நுனி பாதியை அறுத்துவிட்டு, மீதியை ஓரத்துக்குத் தள்ளிவிடும். எலக்ட்ரீஷியன் இழுத்துப் பார்ப்பார், வராது, திருப்தியாகப் போய்விடுவார். ஸ்க்ரூவுக்கும் வயருக்கும் நடுவே சுழலாத ஒரு சின்னத் தகடு வையுங்கள். துண்டுக்குச் சில பைசா கூடும், ஆனால் இந்தக் கனெக்டரை நல்ல கனெக்டராக்குவது அந்தத் தகடுதான். குழாயின் சுவரை ஒன்றரை மி.மீ.க்குக் கீழே குறைக்காதீர்கள், எம்3 திருகுக்கு (3 மி.மீ. விட்டம்) ஒன்றரையிலேயே மூன்று மரைதான் கிடைக்கும். எம்3 ஸ்க்ரூவுக்கு 0.5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்பது சோதனை அளவு. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்து முழு பலத்தில் திருகுவார் என்பதையும் மனதில் வையுங்கள்.

குழாயின் நடுவில் ஒரு தடுப்பும் வேண்டும். இல்லையென்றால் ஒரு வயர் எதிர்ப்பக்கம் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வயர் பாதி தூரம்தான் நுழையும், ஸ்க்ரூ காற்றைப் பிடிக்கும். வயர் நுனியில் ஈயம் பற்றவைத்து நுழைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் நகரும், இறுக்கம் போய்விடும். பெட்டியிலேயே "ஈயம் வைக்காதீர்கள்" என்று அச்சடித்துவிடுங்கள். அலுமினிய வயருக்கும் இதே வாசகம். அதன்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தை விடாது, அலுமினியமும் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும். அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்து சில வருடங்கள் வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டுவிட்டு, அதன் ஜாயின்ட்கள் சூடேறிப் பட்ட பாடு அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ப்ரிங் வகை போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வயரைத் தள்ளினால் தானே கவ்வும் வகை, ஒற்றைக் கம்பிக்கு அருமை; நம் மல்டிஸ்ட்ராண்ட் வயரைத் தள்ளினால் அது மடங்கிக்கொண்டு நிற்கும். நெம்புகோல் தூக்கித் திறக்கும் வகைதான் இங்கே சரி. அதற்கு நல்ல ஸ்ப்ரிங் ஸ்டீலும் துல்லியமான பிரஸ் டூலும் வேண்டும். முதல் முயற்சிக்கு உங்கள் ஸ்க்ரூவே இருக்கட்டும். முறுக்கிய வயர்மேல் தொப்பி மாதிரி திருகும் கனெக்டர் ஒன்றும் உண்டு, 1914இல் வில்லியம் மார் என்பவர் கனடாவில் கொண்டுவந்தது. வட அமெரிக்காவில் இன்றும் வீட்டுக்கு வீடு அதுதான். இங்கே ஏனோ ஒட்டவில்லை.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். பாலிபுரோப்பிலீனை இதற்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்சுலேஷன் குணத்தில் அதற்குக் குறையில்லை, ஆனால் 165 டிகிரி பக்கம் உருகிவிடும், தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே விழும். மின்பாகத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக்குக்கு இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, 125 டிகிரி அடுப்பில் 5 மி.மீ. எஃகுக் குண்டை 20 நியூட்டன் விசையில் ஒரு மணி நேரம் அழுத்திவைப்பது. விழும் பள்ளத்தின் விட்டம் 2 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, 850 டிகிரிக்குச் சூடேற்றிய கம்பியை 30 விநாடி அழுத்திவிட்டு எடுப்பது. எடுத்த 30 விநாடிக்குள் சுவாலை அணைய வேண்டும், கீழே விரித்த மெல்லிய காகிதம் பற்றக் கூடாது. சாதாரண பாலிபுரோப்பிலீனை நம்பி இதில் இறங்க முடியாது.

தீத்தடுப்புச் சேர்த்த நைலான் 66 வாங்குங்கள், ஹாலஜன் இல்லாத வி-0 ரகம் (பற்றினாலும் சில விநாடிகளில் தானே அணைவது). உருகும் சூடு 260 டிகிரி பக்கம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு கனெக்டருக்கு எத்தனை கிராம் போகப் போகிறது? நைலானை மோல்டு செய்யும்போது ஒரு கவனம்: அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஹாப்பரில் கொட்டுவதற்கு முன் 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தாவிட்டால் பொருளில் வெள்ளிக்கோடுகள் விழும், பலம் குறையும். அப்புறம் ரன்னரை (மோல்டின் வழித்தடத்தில் மிஞ்சும் பிளாஸ்டிக்கை) அரைத்துத் திரும்பப் போடும் பழக்கம். உதிரிப் பாகத்துக்குச் சரி. இதில் சப்ளையர் சொல்லும் அளவுக்குமேல் வேண்டாம்.

பேக்லைட் போடலாமே என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சூட்டுக்கு அது கெட்டி, உருகவே உருகாது. ஆனால் ஈரமும் தூசியும் படிந்த பரப்பில் மின்சாரம் கசிந்தால் பேக்லைட் கரியாகிவிடும். பழைய பல்ப் ஹோல்டரைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு பின்னுக்கும் நடுவே மரக்கிளை மாதிரி கருப்புக்கோடு ஓடியிருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும், கடத்தினால் இன்னும் கரியாகும். இதனால்தான் இரண்டு மூன்று வழிக் கனெக்டர் செய்யும்போது, பக்கத்துப் பக்கத்து உலோகங்களுக்கு நடுவே பரப்பு வழியாக அளந்தால் 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். த்ரீ-ஃபேஸுக்கும் விற்பதானால் 4. இடம் போதாமல் நடுவில் பள்ளம் வெட்டித் தூரத்தைக் கூட்டுவார்கள். பள்ளம் ஒரு மி.மீ.யைவிடக் குறுகலாக இருந்தால் சோதனைக்கூடத்தில் அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், தூசி அடைத்துக்கொள்ளும் என்பதால்.

இனி விரல். சோதனைக்கு 12 மி.மீ. தடிமனில், மனித விரல் மாதிரி மூட்டோடு ஓர் எஃகு விரல் இருக்கிறது. அது எங்கேயும் மின்சாரம் உள்ள பாகத்தைத் தொடக் கூடாது. இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஸ்க்ரூவின் தலை. அது வயரோடு ஒட்டியிருக்கும் உலோகம், அதிலும் 230 வோல்ட் இருக்கிறது. முழுக்கத் தளர்த்தினால்கூட மேலே எட்டிப் பார்க்காத ஆழத்தில் அதைப் புதைத்து, துளையை டெஸ்டர் நுழையும் அளவுக்கு மட்டும் விடுங்கள். வயர் நுழையும் வாய் இன்னொரு இடம். 2.5 வயரின் வெளிவிட்டம் இன்சுலேஷனோடு மூன்றரை மி.மீ.யைத் தாண்டும். வாயைப் புனல் மாதிரி வைத்து, இன்சுலேஷனும் சில மி.மீ. உள்ளே போய் உட்காரும்படி செய்யுங்கள். பிரிந்த ஒற்றை இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்க இடமே இருக்காது. எவ்வளவு உரிப்பது என்பதைக் கனெக்டரின் பக்கவாட்டிலேயே ஒரு கோடாக மோல்டு செய்துவிடுங்கள். காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் குறிப்பை ஏணிமேல் நிற்கும் ஆள் படிக்கப் போவதில்லை.

பித்தளை பற்றி ஒன்று. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தின்போது குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். நம் மாட்டுத்தொழுவங்களிலும் அதே காற்றுதான். தொழுவத்துக்கும் கோழிப்பண்ணைக்கும் கேட்பவர்களிடம், மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் மட்டும் போடச் சொல்லுங்கள். குழாய்க்கு வெள்ளீய முலாமும் பூசுங்கள்.

போர்வெல்லுக்கு இது வேண்டாம். தண்ணீருக்குள் இருக்கும் ஜாயின்ட் வேறு வித்தை, பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க்கோ ரெசினோ இல்லாமல் நிற்காது. உங்கள் கனெக்டர் விரலைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பெட்டியில் "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல் வரவே கூடாது. மேலே மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வேண்டுமானால், ஆம்பியர் பார்த்துப் போடலாம்.

ஒரே அடியில் பல துண்டு தரும் மல்டி-கேவிட்டி டையில் பணத்தைப் போடுவதற்கு முன், ஒற்றைக் கேவிட்டியில் இருபது துண்டு எடுத்துப் பட்டறையிலேயே பாருங்கள். 2.5 வயரை இறுக்கி, ஐந்து கிலோ அரிசிப் பையைக் குலுங்காமல் கட்டித் தொங்கவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். வயர் துளிகூட நகரக் கூடாது. சூட்டுக்கு 230 வோல்ட்டில் கை வைக்க வேண்டியதில்லை. கார் பேட்டரி, நான்கு 55 வாட் ஹெட்லைட் பல்ப் இணையாக, நடுவே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ், சார்ஜர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சுமார் 18 ஆம்பியர் ஓடும், 1.5 வயருக்கான சோதனை மின்னோட்டம் 17.5. ஒரு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, வயர் கனெக்டருக்குள் நுழையும் இரண்டு இடங்களிலும் தொட்டு அளவு எடுங்கள். ஸ்ப்ரிங் வகைக்குத் தொடக்கத்தில் 15 மில்லிவோல்ட் வரம்பு. ஸ்க்ரூ வகைக்கும் நான் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். கனெக்டரின் சூடு அறைச் சூட்டைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. பிறகு ஒரு டைமரை மாட்டி, அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று 192 சுற்று விடுங்கள். சரியாக எட்டு நாள். ஒன்பதாம் நாள் மில்லிவோல்ட் முதல் நாள் அளவிலேயே நின்றால், இந்த வகைக் கனெக்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60998ஐ வாங்கி வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குக் கிளம்பலாம். பிளாஸ்டிக்குக்குச் சென்னை கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், மின்சோதனைக்குப் பெங்களூரில் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம். அளவு இரட்டிப்பாகியிருந்தால் பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள், ஸ்க்ரூவைக் கழற்றி இழைகளைப் பாருங்கள்.