கோத்தகிரி டீ, சாக்லேட் கடை: முதலாளி மேல் புகாரை எங்கே கொடுப்பது?

நீங்கள் வேலை பார்க்கும் கடையின் முதலாளி மேல் புகாரை எங்கே கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊட்டியில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். ஆபாசமாகப் பேசுவது முதலாளியே என்கிறீர்கள். அப்படியென்றால் கடையில் ஏழு பேரோ எழுபது பேரோ, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி போக வேண்டிய இடம் அதுதான். வழி தெரியாவிட்டால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள்.

"நம்ம கடைக்குக் கமிட்டி எல்லாம் கிடையாது" என்று மேனேஜர் சொன்னது அநேகமாக 10 பேர் கணக்கை வைத்து. அதற்குக் குறைவென்றால் கடைக்குள் புகார்க் குழு கட்டாயமில்லை, அவ்வளவுதான். சட்டமே பொருந்தாது என்று ஆகாது. எதற்கும் ஆட்களை எண்ணிப் பாருங்கள். சீசனுக்கு வரும் தற்காலிக ஆட்களும் சேர்த்தி.

அப்புறம், முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், பார்க்கவே எரிச்சலாக இருந்தாலும்.

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். அதை நம்பி உட்காரக் கூடாது.