கிணற்று நீர்ப் பரிசோதனைக்கு மாணவர் குழு எங்கே நிதி கேட்கலாம்?

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஏழு பேர், வவுனியா வடக்கில் சில கிராமங்களின் கிணற்று நீரைப் பரிசோதிக்க விரும்புவதாகவும், அதற்கு யார் மானியம் தருவார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் வன்னியில் படித்த காலத்தில் மாணவர் குழுவொன்றுக்காக இரண்டு வருடம் நிதி தேடி அலைந்தவன். அந்த அனுபவத்தில், நிறுவனங்களின் பெயர்களுக்கு முன்னால் உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: பணம் கிடைத்தால் அது யாருடைய வங்கிக் கணக்குக்கு வரும்?

எங்கள் முதல் விண்ணப்பம் அந்த இடத்தில்தான் விழுந்தது. பதினொரு பக்கத் திட்டத்தை வாசித்து விருப்பம் தெரிவித்த நிறுவனம், பதிவுள்ள அமைப்பொன்றின் பெயரில் கணக்கு விபரமும் முந்திய வருடக் கணக்கறிக்கையும் கேட்டது. எங்களிடம் இருந்தது நண்பன் ஒருவனின் சேமிப்புப் புத்தகம் மட்டுமே. பீடத்துக்கும் நிதியாளர் பகுதிக்கும் நாங்கள் நடந்து முடிப்பதற்குள் இறுதித் திகதி கடந்துவிட்டது. ஆகவே உங்கள் குழுவை முதலில் பீடத்தின் அங்கீகாரம் பெற்ற கழகமாக்குங்கள். அல்லது ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள கழகமொன்றின் கீழ் செயற்றிட்டமாகச் சேருங்கள். பெரும் பொருளாளராக ஒரு விரிவுரையாளர் பொறுப்பேற்று, பணம் பல்கலைக்கழகத்தின் ஊடாக வந்து போகும் வழி எழுத்தில் இருந்தால், உங்களைக் கண்டிராத ஒருவருக்கும் உங்களை நம்புவதற்கு ஆதாரம் கிடைக்கிறது.

இரண்டாவது வழி கிராமத்தின் ஊடாகப் போவது. என் மனதுக்கு நெருக்கமானதும் இதுதான். பிரதேச செயலகத்தில் பதிவுள்ள கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் வங்கிக் கணக்கும் கூட்ட அறிக்கைப் புத்தகமும் இருக்கும். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் ஊடாக நடைபெறும் உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 இல் தொடங்கியது. அது மானியம் வழங்குவது சமூக அமைப்புகளுக்கும் அரச சார்பற்ற அமைப்புகளுக்கும்தான். அத்தகைய இடங்களில் சங்கம் விண்ணப்பதாரராகவும் நீங்கள் அதன் தொழில்நுட்பத் துணையாகவும் நிற்கலாம். ஆனால் சங்கத்தின் பதிவு இலக்கத்தை இரவல் வாங்கிக்கொண்டு, முடிவுகளை நீங்களே எடுப்பதாக இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள். எந்தக் கிணறுகள், எந்த மாதம், யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களின் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும். நாங்கள் முதன்முதலில் போய் அமர்ந்த கூட்டத்தில் மாதர் சங்கத் தலைவி சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "தம்பி, இதுக்கு முந்தியும் ஆக்கள் வந்து போத்தலிலை தண்ணி எடுத்துக்கொண்டு போனவை. மறுமொழிதான் ஒருத்தரும் கொண்டுவந்து தரேல்லை."

பொறியியல், கணினி சார்ந்த மாணவர்கள் உங்களோடு இருந்தால் மின், இலத்திரனியல் பொறியியலாளர்களின் உலக அமைப்பான ஐட்ரிபிள்ஈ (IEEE) நடத்தும் எபிக்ஸ் (EPICS) திட்டத்தைப் பாருங்கள். மாணவர் குழு ஒரு சமூக அமைப்போடு சேர்ந்து செய்யும் வேலைக்கு 10,000 அமெரிக்க டொலர் வரை அது தருகிறது. ஆயினும் அங்கு வெறும் நீர்ப் பரிசோதனை எடுபடாது. வடிகட்டியோ உணரியோ நீங்கள் வடிவமைக்கும் ஏதாவது இருக்க வேண்டும். ரொட்டறியின் இளைஞர் பிரிவான ரொட்டறக்ட் கழகங்களும் 2022 யூலை முதல் ரொட்டறி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்கு விண்ணப்பிக்க முடிகிறது என்றாலும், அதன் குறைந்தபட்சச் செயற்றிட்டத் தொகை 30,000 டொலர். ஏழு பேர் கொண்ட குழுவுக்கு அது மிகப் பெரிய சுமை. அருகிலுள்ள ரொட்டறிக் கழகத்திடம் சிறிய தொகை கேட்பதே பொருத்தம். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் விரைவாக உதவக்கூடியவை; அவர்களிடம் பொதுவான உதவி கேட்காமல், "இந்தக் கருவி, இந்த விலை" என்று கேளுங்கள்.

திட்ட அறிக்கையில் முதற்பந்தியே உங்கள் பலம். "வன்னி மக்களின் நீர்ப் பிரச்சினை" என்று தொடங்கும் விண்ணப்பங்களை மானியம் தருபவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். எதை அளக்கப் போகிறீர்கள் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். உதாரணத்துக்குப் புளோரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் புளோரைட்டின் உச்ச அளவு இலங்கைத் தரத்தின்படி லீற்றருக்கு 1.0 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 1.5 மில்லிகிராம். "இந்த மூன்று கிராமங்களில் குடிப்பதற்குப் பயன்படும் நாற்பது கிணறுகளில் எத்தனை 1.0 ஐத் தாண்டுகின்றன என்பதை, மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, ஒவ்வொரு வீட்டாருக்கும் அறிவிப்போம்" என்று எழுதினால், வாசிப்பவருக்கு வேலையின் எல்லையும் செலவும் உடனே புலப்படும். மாரிக்கு முந்திய அளவீடு ஆவணி, புரட்டாதியில் நடக்க வேண்டியிருப்பதால், விண்ணப்பம் மாசி, பங்குனியிலேயே போய்விட வேண்டும். அனுமதிகளுக்கு மாதங்கள் எடுக்கும். நீரோடு சேர்த்துப் பேசப்படும் சிறுநீரக நோய் பற்றியும் வீடுகளில் விசாரிக்கும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும். முதல் வருடம் நீரை மட்டும் அளப்பது நல்லது என்பது என் கருத்து.

தொகையைச் சிறிதாகக் கேளுங்கள். நாங்கள் முதலில் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் கேட்டோம். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை இலட்சம் கேட்ட மறுவிண்ணப்பத்தில்தான். துறை ஆய்வுகூடத்தில் உள்ள கருவி, பல்கலைக்கழக வாகனம், விரிவுரையாளரின் நேரம் ஆகியவற்றை உங்கள் பங்களிப்பாக விலை மதிப்பிட்டுக் காட்டுங்கள். வாங்க வேண்டியவற்றுக்கு மூன்று விலைமனுக்களை முன்னரே எடுத்து வையுங்கள். செலவழித்த பின்பே பணம் தரும் மானியங்களும் உண்டு என்பதால், முன்பணம் கிடைக்குமா என்று கையெழுத்திடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்கள் தங்கள் மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் இரசாயனம் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: ஒவ்வொரு கிணற்றின் முடிவையும் தமிழில் அச்சிட்டு, அந்த வீட்டுக்கே கொண்டுபோய், வாசித்து விளங்கப்படுத்தும் செலவு. தொகையைக் குறைக்கச் சொல்லி நிறுவனம் கேட்டால், கிணறுகளின் எண்ணிக்கையை நாற்பதிலிருந்து முப்பதாக்குங்கள். அந்த வரியில் கை வைக்க வேண்டாம்.