ஆட்டோபைலட் இருக்கும்போது விமானிகளுக்கு ஏன் இவ்வளவு சம்பளம்?

"விமானத்தை ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது?" என்று கல்யாண வீடுகளில் என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். நான் ஏர்பஸ் 320 விமானத்தில் துணை விமானி. பெரும்பகுதி நேரம் ஆட்டோபைலட்தான் பறக்கிறது, உண்மை. ஆனால் எந்த உயரம், எந்த வேகம் என்று அதற்குச் சொல்வதும், சொன்னதைத்தான் செய்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதும் நாங்கள். ஆட்டோபைலட்டால் முடியாதபோது கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வதும் நாங்கள்தான்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் 155 பேருடன் கிளம்பிய ஏர்பஸ் 320, சுமார் 2,800 அடி உயரத்தில் வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரண்டு எஞ்சின்களும் விசையை இழந்தன. ஹட்சன் ஆற்றில் இறங்குவதற்குள் மூன்றரை நிமிடம்கூட முழுதாக இல்லை. இரண்டு எஞ்சின்களும் போனால் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு செக்லிஸ்ட் உண்டு. அது மிக உயரத்தில் பறக்கும்போது நேர்வதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, விமானிகளால் அதைப் படித்து முடிக்கவே முடியவில்லை. கேப்டன் சல்லன்பெர்கரோ அந்தப் பட்டியலில் வெகு கீழே இருந்த ஒரு வேலையைச் சில நொடிகளிலேயே செய்துவிட்டார்: வாலில் உள்ள சிறிய துணை எஞ்சினை இயக்கினார். மின்சாரம் அறுபடவில்லை, விமானத்தின் கணினிகள் தண்ணீரைத் தொடும்வரை அவருக்குத் துணைநின்றன. 155 பேரும் பிழைத்தார்கள். இந்த ஒரு செயலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அடுத்த மாதமே அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் சொன்னார். தன் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தான் அறியவில்லை என்றார்.

அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே ஒரு சிறிய விமானம் விழுந்து 50 பேர் இறந்திருந்தனர். வேகம் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தபோது மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக கேப்டன் உயர்த்தினார். துணை விமானியின் வீடு சியாட்டில் அருகே, பணியிடமோ நாட்டின் மறுகோடியில் உள்ள நியூவார்க். முந்தைய இரவெல்லாம் பயணம் செய்து வந்து பணியில் ஏறியவர். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலரைக்கூட எட்டவில்லை. கேப்டனின் தவறுக்குச் சம்பளம் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணியிடத்துக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துத் தங்கித் தூங்கக்கூட வழியில்லாத ஒருவரிடம் பயணிகளின் உயிரை ஒப்படைத்தது எனக்குக் கோபமூட்டுகிறது.

எங்கள் பக்கம் எப்படி என்றால், அரைக் கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிப் படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில், சோதிக்கிறார்கள். இனி ஓடுபாதையில் நிற்க முடியாது என்ற வேகத்தைத் தாண்டியதும் ஒரு எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அதில் தேறாமல் பயணிகளோடு பறக்க முடியாது. மருத்துவச் சோதனையில் ஒன்று சரியில்லை என்றாலும் அன்றே தரையில் உட்கார வேண்டியதுதான்.

பஃபலோவுக்குப் பிறகு அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். பின்னர் ஆள் கிடைக்காமல் திண்டாடிய சிறிய நிறுவனங்கள் தொடக்கச் சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தின.