மணி அடித்த பிறகு

அன்புள்ள சார்,

நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்தோம். கடைசி சீசன் வந்ததும் பழைய சண்டையும் வந்துவிட்டது. டிராகன் மேல் வரும் ராணி டெனேரிஸ், சரணடைந்த நகரத்தை எரித்தது அந்தப் பாத்திரத்துக்குச் செய்த துரோகம் என்பது என் கட்சி. நான்காவது எபிசோடில் ஒரு டிராகனையே வீழ்த்திய ராட்சத அம்புகள் அடுத்த எபிசோடில் ஒன்றுகூடப் படவில்லை, என்ன லாஜிக் இது? 2019ல் அந்த சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஆன்லைனில் நடந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அவனோ, “கேட்க நீ யார்? பிடிக்காவிட்டால் பார்க்காதே” என்கிறான். ஷெர்லாக் ஹோம்ஸையே வாசகர்கள் திரும்ப வரவழைக்கவில்லையா என்றேன். பேச்சு ‘தி லாஸ்ட் ஜெடை’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தின் பக்கம் போய், அதன் பழைய நாயகன் லூக் அப்படிச் செய்வானா என்பதில் முற்றி, இப்போது ஒரு மாதமாக இருவரும் பேசுவதில்லை. காசும் நேரமும் கொடுத்துப் பார்க்கும் ரசிகனுக்குக் கதையை மாற்றச் சொல்லும் உரிமை உண்டா, இல்லையா?

எம்.

அன்புள்ள எம்,

ஒரு மாதமா? நல்ல ஆட்கள்தான்.

உரிமை பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: திட்டுவதற்கு முழு உரிமை உண்டு, மாற்றச் சொல்ல இல்லை. அம்பு விஷயத்தை விடுங்கள். டிராகன் பறப்பதை ஒப்புக்கொண்டவர் அம்பின் குறி தப்பியதற்குக் கணக்குக் கேட்பது வேடிக்கை. கதை நம்மைப் பிடித்து வைத்திருந்தால் அந்த அம்பு கண்ணிலேயே பட்டிருக்காது.

நீங்கள் கையெழுத்துப் போட்ட மனுவின் வாசகம் ஞாபகம் இருக்கிறதா? ‘திறமையான எழுத்தாளர்களை’ வைத்து மறுபடி எடுங்கள் என்றது. 15 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு சீசன் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தவர்கள் ஆறே எபிசோடில் திறமையற்றவர்களாகிவிட்டார்களாக்கும். காசு கொடுத்தவன் என்ற தோரணை வந்துவிட்டால் அது மனுவோடு நிற்பதில்லை. ‘தி லாஸ்ட் ஜெடை’யில் நடித்த கெல்லி மேரி டிரானை இணையத்தில் படுத்திய பாட்டில் அவர் 2018ல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையே நீக்கிவிட்டுப் போனார். கதையை அவரா எழுதினார்? நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை, தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ஹோம்ஸ் கதையும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. 1893 டிசம்பரில் அவரை அருவியில் தள்ளிய கானன் டாயில், உயிரோடு திரும்பக் கொண்டுவந்தது 1903ல். பத்து வருடம். அதுவும் உடலை யாரும் பார்க்கவில்லை, வாட்ஸன் கண்டது காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும்தான். கொல்லும்போதே கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டுப் போன மனுஷன் அவர்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. ‘அப்படிச் செய்வானா’ என்ற அந்த ஒரு சொல். நான் கொஞ்ச நாளாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினேன். தம்பிக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகும் அண்ணன் கதை. முடிவு எனக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆசிரியர் போன் செய்து, நாலு வாரத்தில் முடித்துக்கொடுங்கள் என்றார். நானும் சரி என்றேன். முடிவை அப்படியே வைத்துக்கொண்டு நடுவிலிருந்த எட்டு வாரத்தைத் தூக்கிப் போட்டேன். தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் படுத்த அண்ணன் அடுத்த வாரம் கூண்டில் ஏறிவிட்டான். ஒரு அம்மாளிடமிருந்து தபால் கார்டு வந்தது. இரண்டே வரி. “அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. நீங்கள் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை.” எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவனைப் பெற்றவன் நான், எனக்கே பாடமா என்று இரண்டு நாள் குமைந்தேன்.

அந்த அம்மாள் சொன்னது தப்பு. அண்ணன் அதைச் செய்யக்கூடியவன்தான். ஆனால் அதை அவருக்கு நான் காட்டவே இல்லையே, அவர் வேறென்ன எழுதுவார்?

இப்போது உங்கள் டெனேரிஸிடம் வருகிறேன். மதில் மேல் டிராகனில் உட்கார்ந்திருக்கிறாள். நகரம் சரணடைந்து மணி அடிக்கிறது. ஜெயித்தாயிற்று. கேமரா அவள் முகத்தில் நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, உதடு துடிக்கிறது, தூரத்தில் கோட்டை. கிளம்பிவிடுகிறாள். அதற்கப்புறம் அந்த எபிசோட் முழுக்க நாம் தெருவில் ஓடுகிறவர்களோடு ஓடுகிறோம், அவள் முகத்தை ஒருமுறைகூட அருகில் காட்டவில்லை. இத்தனை வருடம் கூடவே வந்த ஒருத்தி மாறுகிற நேரத்தில் நமக்குக் கிடைத்தது சில நொடி மூச்சிரைப்புதான். அவள் எரிப்பாளா? எரிப்பாள். அதற்கான விதை முதல் சீசனிலிருந்தே கிடக்கிறது, உங்கள் நண்பர் சொல்வது அந்த மட்டில் சரி. ஆனால் வருடத்துக்குப் பத்து எபிசோடாக ஆறு சீசன் நடந்தவர்கள் பிறகு ஏழு, ஆறு என்று சுருக்கிக்கொண்டு ஓடினார்கள். என்னிடமாவது ஆசிரியர் கேட்டார். இவர்களுக்கு சேனல் இன்னும் தரத் தயாராகவே இருந்தது.

லூக் விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. தூங்கும் தன் சகோதரி மகன் மேல் ஒரு கணம் லைட்சேபரை, அதாவது ஒளிவாளை, ஓங்குகிறான். லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கே அந்தக் கதையில் லூக் போன போக்கு முதலில் ஒப்பவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் படம் அந்த ஒரு கணத்தை மூன்று தடவை காட்டுகிறது, எம். முதலில் லூக் தன் தப்பை மறைத்துச் சொல்வது. அப்புறம் அந்தப் பையன் சொல்வது. கடைசியில் லூக் உள்ளதை ஒப்புக்கொள்வது. ஓங்கியதற்கும் வெட்கப்பட்டதற்கும் நடுவில் எவ்வளவு கொஞ்ச நேரம் என்பது மூன்றாவதில்தான் தெரிகிறது. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது வேறு. காட்டவில்லை என்று மட்டும் சொல்லமுடியாது. ஒரு கொலைவெறி வந்துபோன கணத்துக்கு மூன்று காட்சி, ஒரு நகரம் எரிவதற்கு ஒரு பார்வை. நீங்கள் இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘துரோகம்’ என்று ஒரே முத்திரை குத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முடிவை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதும் ஒரு வியாதிதான். ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ தொடரில் பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்று, கடைசிக் காட்சியில் அவர்கள் பேசுவதைத் தொடரின் ஆரம்ப வருடங்களிலேயே எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். 2014ல் தொடர் முடிந்தபோது பாத்திரங்கள் எங்கேயோ வளர்ந்து போயிருந்தார்கள், பெட்டியில் இருந்த முடிவு அங்கேயே இருந்தது. இரண்டையும் ஒட்டிவைத்த தையல் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் செய்ததும் இதே வேலைதான், சின்ன அளவில்.

என் தொடர்கதை பிறகு புத்தகமாக வந்தபோது அண்ணனுக்கு இரண்டு அத்தியாயம் சேர்த்தேன். சாட்சி சொல்வதற்கு முந்தின இரவு, தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவன் மனம் மாறுவது அதில் ஒன்று. அந்த அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்ப நினைத்தேன். கார்டைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வந்த கோபத்தில் கிழித்துத்தான் போட்டிருப்பேன்.

நண்பரைக் கூப்பிடுங்கள். அந்த மூன்று காட்சியையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். இரண்டாவதில், பையன் கண்ணுக்கு லூக்கின் முகம் எப்படித் தெரிகிறது என்று கவனியுங்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம்.